மட்பாண்டத் தொழிலை நம்பி வேலையை விடலாமா, வகுப்பு எடுத்துச் சமாளிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பவர், வயது 34. சில மாதங்களாக வார இறுதியில் மட்பாண்ட வகுப்புக்குப் போகிறார். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்தால் வாழ முடியுமா, பற்றாக்குறைக்கு வகுப்பு எடுத்துக்கொள்ளலாமா, முதலில் எந்தச் சக்கரம் வாங்குவது என்று கேட்டிருக்கிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தால், அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று படுகிறது: பாத்திரம் செய்வதுதான் தொழில், கற்பிப்பது துணை வருமானம் என்ற ஏற்பாடு நடைமுறையில் நிற்குமா? நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது தலைகீழாகத்தான் நிற்கிறது. வாடகை கொடுப்பது வகுப்பு. பாத்திர விற்பனை அதற்கு மேல் வருவது. இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் நிலைக்கிறார்கள். தெரியாமல் வருகிறவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் கசந்துபோய்ச் சூளையை விற்க ஆள் தேடுகிறார்கள்.

நான் புதுச்சேரிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். அதிக வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் பாத்திரங்கள் செய்கிறேன், பல ஆண்டுகளாகக் கற்பிக்கவும் செய்கிறேன். எனவே நான் சொல்வதை இந்தக் கடலோரப் பட்டறைகளின் அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டல்களுக்கு ஆயிரக்கணக்கில் தட்டு செய்து தருவது, கலைக்கூடங்களுக்குச் சிற்பம் செய்வது இரண்டும் வேறு கணக்குகள். அவற்றைப் பற்றி நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

முதலில் கணக்கு. ஒரு கோப்பையை 800 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கடையில் வைத்து விற்றால் ஏறக்குறைய பாதியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மீதி 400. மண், கிளேஸ் (பாத்திரத்தின் மேல் கண்ணாடிபோல உருகிப் படியும் பூச்சு), எரிவாயு, பெட்டி, சூளையிலேயே கெட்டுப்போனவற்றின் நட்டம் எல்லாவற்றுக்கும் 100 போனால் 300 நிற்கும். மண்ணைப் பிசைந்து, வனைந்து, மறுநாள் அடி சீவி, கைப்பிடி ஒட்டி, முதல் சூடு போட்டு, கிளேஸில் முக்கி, மீண்டும் சுட்டு, அடியைத் தேய்த்து முடிக்கும்வரை ஒரு கோப்பைக்குக் கையில் செலவாகும் நேரம் நாற்பது நிமிடம் என்று கொள்ளுங்கள். மாதம் 150 கோப்பை என்றால் 100 மணி நேரம், 45,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, சோதனைக்காகச் சுட்டுப் பார்த்த துண்டுகள் இல்லை, கண்காட்சியில் நாள் முழுவதும் மேசைக்குப் பின்னால் நின்றது இல்லை. எல்லாவற்றையும்விட, மாதாமாதம் 150 கோப்பையை வாங்க ஆள் வேண்டும். செய்வதைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம். விற்பதை அப்படிச் சொல்ல முடியாது. தீபாவளிக்கும் ஆண்டு இறுதிக்கும் போட்டி போட்டு வாங்குகிறவர்கள் ஜூன் மாதத்தில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது வகுப்பு. ஒரு சனிக்கிழமை, ஆறு பேர், ஆளுக்கு 1500 ரூபாய்: மூன்று மணி நேரத்தில் 9000. கோப்பைக் கணக்கில் இது முப்பது கோப்பை, இருபது மணி நேர உழைப்பு. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் கண் விரியும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். ஆறு பேர் போன பிறகு அவர்கள் செய்துவைத்த பதினைந்து இருபது உருப்படிகள் உங்கள் அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கும். பக்கச் சுவர் தாள்போல, அடி செங்கல்போல இருக்கும் கிண்ணத்தை விரிசல் விடாமல் காயவைப்பது உங்கள் பொறுப்பு. பெயர் எழுதாத கிண்ணம் யாருடையது என்று தேடுவதும் உங்கள் பொறுப்பு. சூளையில் அவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடத்தில் உங்கள் பாத்திரம் வைத்திருக்கலாம். யாரோ ஒருவர் அடியில் துடைக்காமல் விட்ட கிளேஸ் உருகி வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். உளியை வைத்துச் செதுக்கி எடுக்க வேண்டும். தொட்டி நிறையச் சேர்ந்த மண்கூழை வடித்து, பிளாஸ்டர் பலகையில் பரப்பி, இறுகவைத்து, மறுபடி பிசைய வேண்டும். மூன்று மணி நேர வகுப்பு என்பது எனக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள். அப்படியும் லாபம்தான். அந்த நாள் உங்கள் சொந்த வேலையிலிருந்து போகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பட்டறையோடு கற்பித்தலும் சேர்ந்தே வருவது இன்றைய நகரவாசிகளின் மோகத்தால் வந்த நிலைமை என்று சிலர் சொல்கிறார்கள். வரலாறு அப்படிக் காட்டவில்லை. பிரிட்டிஷ் மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் கலைஞர் ஷோஜி ஹமதாவும் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை தொடங்கினார்கள். சிறு பட்டறையில் கலைஞரே வடிவமைத்துக் கையால் செய்யும், இன்று நாம் ஸ்டுடியோ மட்பாண்டம் என்று சொல்வதற்கு அது ஒரு முக்கியமான ஊற்று. அங்கேயே 1940களில், வீட்டு உபயோகப் பாத்திரங்களைப் பட்டியல் போட்டு, ஒரே அளவில், ஒரு குழுவாகச் செய்து விற்றுத்தான் பட்டறை ஓடியது. பழகுநர்கள் அந்த வேலையைச் செய்துதான் கை தேர்ந்தார்கள். நம் பக்கத்தில், அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானின் பிஜென் ஊரில் மண்வேலை பழகியவர். சாப்பாட்டு மேசைப் பாத்திரங்களை உள்ளூர்க்காரர்களைப் பழக்கிச் செய்வித்தது ஒரு பக்கம், மாணவர்களுக்குக் கற்பித்தது இன்னொரு பக்கம் என்று அந்த இடம் இரண்டு காலில் நடந்தது. இந்தியா முழுவதும் இன்று பெயர் பெற்ற பலர் அங்கே படித்தவர்கள். அங்கே வேலை பழகிய உள்ளூர்க்காரர்களில் சிலர் சொந்தப் பட்டறையும் வைத்தார்கள். இந்த வட்டாரத்தில் இவ்வளவு பட்டறைகள் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வடக்கே, 1919இல் ஜப்பானுக்குப் போய்க் கற்றுவந்த குர்சரண் சிங், 1952இல் டெல்லி புளூ பாட்டரியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவருடைய குடும்பம் இமாசலப் பிரதேசத்தின் ஆண்ட்ரெட்டாவில் பட்டறை நடத்தி, பாத்திரம் செய்வதையும் மாணவர்களைத் தங்கவைத்துக் கற்பிப்பதையும் சேர்த்தே செய்தது. கற்பிக்காமல் நீண்ட காலம் நின்ற பட்டறை என்று யோசித்தால் எனக்கு எளிதில் பெயர் வருவதில்லை.

அதனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, “எனக்கு மண் பிடித்திருக்கிறதா” என்பதைவிட, “மண்ணைப் பிடிக்கத் தெரியாதவர் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார எனக்குப் பொறுமை இருக்கிறதா” என்பது. கற்பிப்பது என்றால் செய்துகாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். செய்துகாட்டுவது எளிது, அழகாகவும் இருக்கும், அதனால் மாணவருக்கு அதிகம் பயனில்லை. சுழலும் மண்ணை நடுவில் நிறுத்துவதில்தான் ஏறக்குறைய எல்லோரும் தடுமாறுகிறார்கள். கையால் நெட்டித் தள்ளுவார்கள். முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றி, உடம்பின் எடையைச் சாய்த்து, கையை அசையாமல் வைத்துக்கொண்டால் மண் தானாக நடுவுக்கு வரும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. தோளைத் தொட்டு, முழங்கையைச் சரிசெய்து, சக்கரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழியில் கொண்டுவர வேண்டும். ஒருவருக்குக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் வந்துவிடும். இன்னொருவருக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைத்தால் வரும். அவர் மண்ணை நனைத்து நனைத்தே குழைத்துவிடுபவர். என் வழக்கம் ஒன்று: மாணவரின் மண்ணில் நான் கை வைக்க மாட்டேன். நான் தொட்டு நேராக்கிய கிண்ணத்தை அவர் தன் கிண்ணம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனால் இருவருக்கும் அதில் பெருமை இல்லை.

நீண்டகால மாணவர்களுக்கு முதல் பாடமே கம்பியால் அறுப்பது. ஒரு கிலோ மண்ணில் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு நேரான உருளை. செய்து முடித்ததும் நடுவில் அறுத்து, சுவர் எங்கே தடித்திருக்கிறது, அடியில் எவ்வளவு மண் தேங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மண் தொட்டிக்குப் போய்விடும். தொடக்க வாரங்களில் எதுவும் சூளைக்குப் போகாது. இதைக் கேட்டதும் முகம் வாடுகிறவர்கள் உண்டு. ஒரே நாள் வகுப்புக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அவர்கள் பணம் கொடுப்பது ஒரு நல்ல மாலைப் பொழுதுக்கும், கையோடு கொண்டுபோக ஒரு பொருளுக்கும், ஒரு புகைப்படத்துக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. இரண்டு வகை மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

கற்பிப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் பணம் இல்லை. கை அறிந்த ஒன்றைச் சொல்லில் வைக்கும்போது, நாம் நம்பிக்கொண்டிருக்கும் பல விஷயங்கள் சொத்தை என்று தெரியவரும். எடுத்துக்காட்டாக, மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று எல்லா வகுப்புகளிலும் சொல்கிறார்கள். வெடிப்பதற்குக் காரணம் ஈரம். தடித்த சுவருக்குள் மிஞ்சியிருக்கும் தண்ணீர் நூறு டிகிரியில் நீராவியாகும்போது வெளியேற வழியில்லாமல் உடைக்கிறது. நன்றாகக் காய்ந்த பாத்திரத்தில் குமிழி இருந்தாலும் வெடிப்பதில்லை, ஈரமான பாத்திரத்தில் குமிழி இல்லாவிட்டாலும் வெடிக்கும். “ஏன்” என்று விடாமல் கேட்கும் ஒரு மாணவர் பத்துப் புத்தகத்துக்குச் சமம்.

வார இறுதி வகுப்பு உங்களுக்குக் காட்டியது சக்கரத்தை. தொழிலில் அது சின்னப் பங்குதான். மீதி எல்லாம் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு நடக்கிறது. மண் காயும்போதும் சுடும்போதும் சேர்த்துப் பன்னிரண்டு சதவீதம் அளவுக்குச் சுருங்கும். அதை மனத்தில் வைத்துப் பெரிதாகச் செய்ய வேண்டும், மூடி பாத்திரத்தோடு சேர்ந்து சுருங்க வேண்டும். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டால் தட்டுகள் நேர்கோடாக விரிசல் விடும். ஊர்ப் பானை 900 டிகிரி அளவில் வெந்துவிடும். நான் செய்யும் ஸ்டோன்வேர் 1280 வரை போக வேண்டும். வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் அந்த வெப்பத்தில் இருந்தது என்பதும் கணக்கு. அதனால்தான் சூளைக்குள், குறிப்பிட்ட வெப்பம் ஏறியதும் இளகும் சிறு கூம்புகளை வைத்து அவை வளைவதைத் துளை வழியாகப் பார்க்கிறோம். எரிவாயுச் சூளையில் காற்றைக் குறைத்து எரித்தால், கிளேஸில் ஒரு சதவீதம் இருக்கும் இரும்பு இளம்பச்சையாகும், எட்டுப் பத்துச் சதவீதம் இருந்தால் கருப்பாகும். இவற்றையெல்லாம் கற்க நீங்களே சூளையை ஏற்றி, நீங்களே எரித்து, நீங்களே திறந்து பார்க்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பருவத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் காலையில் வனைந்த கிண்ணம் மூன்று நாள் கழித்தும் அடி சீவும் பதத்துக்கு வராது. விறகுச் சூளைக்காரர்களுக்குச் சவுக்குக் கட்டை நனைந்துபோகும். அக்னி நட்சத்திரத்தில் நிலைமை நேர்மாறு: கைப்பிடி ஒட்டி முடிப்பதற்குள் விளிம்பு காய்ந்து, ஒட்டிய இடத்தில் கீறல் விழும், ஈரத்துணியும் பிளாஸ்டிக் தாளுமாக அலைய வேண்டும். மாத வருமானக் கணக்கு போடுகிறவர்கள் இந்த இரண்டு பருவத்தையும் அதில் சேர்ப்பதில்லை.

உடல்நலம் பற்றி எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் சொல்கிறேன். காய்ந்த மண்ணிலும் கிளேஸ் பொடிகளிலும் சிலிக்கா இருக்கிறது. அதன் மெல்லிய தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் திரும்பிப் போகாது. பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பொடி கலக்கும்போது நல்ல முகக்கவசம் வேண்டும். ஈயம் கலந்த கிளேஸை உணவுப் பாத்திரத்தில் பயன்படுத்தாதீர்கள். பேரியம் கார்பனேட் எலி மருந்தாகவே பயன்பட்ட பொருள். குழந்தைகள் வரும் இடத்தில் அது இருக்கவே வேண்டாம். ஒரு வகுப்புக்குச் சேரப் போகும்போது தரையைப் பாருங்கள். வெள்ளைத் தூசி படிந்திருந்தால் அந்த ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் வேறு இடம் தேடுங்கள். முதுகும் மணிக்கட்டும் தேய்வது தனிக் கதை. சக்கரத்தின் உயரத்தைச் சரிசெய்தாலே பாதி வலி குறையும்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் இந்தக் கோப்பைக்கு 800 ரூபாய் வாங்கும்போது, பக்கத்து ஊரில் வேளார் வீட்டில் நம்மைவிட வேகமான, நம்மைவிடத் தெளிவான கை ஒரு பானையை அதில் சிறு பங்குக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. பெரிய மண் கும்பத்தைச் சக்கரத்தில் வைத்து, அதன் உச்சியிலிருந்து விளக்கு விளக்காக அறுத்து எடுப்பதையும், அடி திறந்த பானையை வனைந்து, உள்ளே கல்லைப் பிடித்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுவதையும் ஒருமுறை பாருங்கள், நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். புதுச்சேரிக்கு அருகே வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அங்கே மண் சிற்பங்கள் செய்யும் முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்வளவு இருந்தும் அந்தத் தெருக்களில் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரத் தயங்குகிறார்கள். அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ள விரும்பினால், நகரத்து வகுப்புக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். படம் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வராதீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதியை உறுதியாகச் சொல்கிறேன். இனி வருபவை என் கணிப்புகள். 34 வயது தாமதமா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். கோல்டன் பிரிட்ஜில் படித்துப் பெயர் பெற்றவர்களில் ஆதில் ரைட்டர், வினீத் கக்கர் போன்றோர் கட்டடக் கலை படித்துவிட்டு மண்ணுக்கு வந்தவர்கள். ஆனால் நிலைத்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும், விட்டுப்போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. பட்டம் வேண்டுமா என்பதிலும் ஒரே பதில் கிடையாது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலும் செராமிக் படிக்கலாம். விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழிற்பேட்டையும் அங்கே இருக்கிறது. வேதியியலும் சூளையும் அங்கே முறையாகக் கற்கலாம், பட்டறைக்காரர்கள் அந்தப் பக்கம் போகாதது எனக்கு எப்போதும் வியப்பு. உங்கள் நிலையில் இருப்பவருக்கு, பட்டத்தைவிட ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையில் தங்கிப் பழகும் சில மாதங்கள் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். நகரங்களில் இப்போதிருக்கும் வகுப்பு மோகம் எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் எனக்குக் கவலை. 2018இல் ஜெய்ப்பூரில் முதல் இந்திய செராமிக் டிரியனாலே (மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கண்காட்சி) நடந்ததிலிருந்து கலை உலகத்தின் பார்வை மண் பக்கம் திரும்பியிருப்பது உண்மை. அந்தப் பார்வை கோப்பை வாங்க வருமா என்பது வேறு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஆண்டு வேலையை விட மாட்டேன். வார இறுதியில் சக்கரத்தில் உட்காருவதைக் குறைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு பட்டறையில் சூளை ஏற்றும் நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் கூலி வாங்காமல் போய் நிற்பேன். கிளேஸ் ஒட்டாமலிருக்கச் சூளைத் தட்டுகளுக்குக் காப்புப் பூச்சு அடிக்கவும், மண்கூழ் வடிக்கவும் கேட்டு வாங்கிச் செய்வேன். அந்த வேலைகள் அலுப்பூட்டினால் அப்போதே விடை கிடைத்துவிட்டது. அலுக்கவில்லை என்றால் விடுப்பு எடுத்துத் தங்கிப் படியுங்கள். சொந்தச் சூளையில் சில ஆண்டுகள் சுட்டுப் பழகும்வரை மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்காதீர்கள். அதுவரை சாப்பிட என்ன வழி என்று கேட்டால், சேமிப்புதான், அல்லது பகுதி நேர வேலை. பட்டறை தொடங்கிய பிறகு நாள்காட்டியில் முதலில் சூளை நாட்களைக் குறியுங்கள், உங்கள் சொந்த வேலைக்கான நாட்களை அடுத்து. மிச்சமிருக்கும் நாட்களில்தான் வகுப்பு. நான் பார்த்த அளவில், வகுப்பை முதலில் குறித்தவர்கள் நல்ல ஆசிரியர்களாகத் தொடர்கிறார்கள், ஆனால் அவர்களுடைய புதிய பாத்திரம் எதையும் பல ஆண்டுகளாக நான் பார்க்கவில்லை. அதுவும் மதிப்புள்ள வாழ்க்கைதான். அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்களா, அதில் போய் விழுந்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சக்கரம் எது வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இப்போது எதுவும் வேண்டாம். பயன்படுத்திய மின்சக்கரம் எப்போதும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கும், அவசரமில்லை. யோசிக்க வேண்டியது சூளை. முதலில் சிறிய மின்சூளை போதும், 1220 அல்லது 1240 டிகிரியில் முதிரும் மண்ணும் கிளேஸும் வைத்துக்கொண்டால் எரிவாயு உருளைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாணவர் வேலையையும் அதிலேயே சுடலாம். ஓரளவு கொள்ளளவுள்ள மின்சூளைக்கு மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின் இணைப்பு தேவைப்படும். எனவே இடம் பார்க்கும்போது வெளிச்சம், மரம், தோட்டம் என்று மயங்காமல், வீட்டுக்காரரிடம் அந்த இணைப்பு இருக்கிறதா, இல்லையென்றால் வாங்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.